பதினேழாம் நம்பர் கேமரா

நான் பனியைத் தொட்டது இல்லை. யாங்கோனில் மார்கழி விடியற்காலையில் ஒரு மேல்சட்டை தேடுவோம், அதற்கு மேல் குளிர் கிடையாது. ஆனாலும் இந்த வருஷம் சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததிலிருந்து, ஜப்பான் நாட்டு ரோட்டோரங்களில் பனி எவ்வளவு கிடந்தது என்று பார்த்து எழுதுவதுதான் எனக்கு வேலை. அந்த வேலையில் நடந்த ஒன்றை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதி வைக்கிறேன். மூத்தவளே, நீ கோயில் வகுப்பில் தமிழ் படித்தவள், நீயே வாசித்துக்கொள்வாய். சின்னவனே, உனக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அக்கா வந்ததும் வாசித்துக் காட்டச் சொல். அவள் வருகிறவரை இது பீரோவில் இருக்கட்டும்.

அலோன் துறைமுகத்தில் நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டியையும் மூட்டையையும் கையில் இருக்கிற சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கோடு போடுவது. சீட்டு ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். எட்டாவதோடு நிறுத்திய எனக்கு அதுதான் படிப்பு. கப்பல் வரத்து குறைந்தது, ஆளையும் குறைத்தார்கள், நான் வீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் துறைமுகத்தில் என்னோடு நின்ற கூட்டாளி, நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், தாகேதாவில் நம் வீட்டுக்கு பஸ் பிடித்து வந்து சேதி சொன்னார்.

"மச்சான், பபேடான்ல ஒரு ஆபீஸ். மூணாவது மாடி. கம்ப்யூட்டர்ல படம் பாக்கணும், பக்கத்துல இருக்கிற தாளைப் பாக்கணும், எழுதணும். சீட்டும் கண்ணும்தான். நம்ம வேலை."

"என்ன படம்?"

"ரோடு."

"எந்த ரோடு?"

"ஜப்பான்காரன் ரோடு. அதுல விழுந்த பனி."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா சிரித்தாள். "பனியே பாக்காத ஆளாத் தேடிப் புடிச்சிருக்காங்க!"

நான் சிரிக்கவில்லை. மூத்தவளே, நீ அந்தப் பனிக்குள்தான் இருந்தாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வடக்கு ஜப்பானில் ஒரு சின்ன ஊர், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் வேலை. நீ போவதில் எனக்கு இஷ்டம் இல்லை. அதைச் சொல்லாமல் விமான நிலையத்தில் "பாஸ்போர்ட் பத்திரம்" என்று மூன்று தடவை சொன்னேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் உன் முகம் வரும். நான் கேட்பேன், நீ சொல்வாய்.

"சாப்பாடு?"

"நல்லா இருக்குப்பா."

"குளிர்?"

"பழகிடுச்சுப்பா."

"வேலை?"

"நல்லாத்தான் போகுது."

ஒரு பெட்டிகூட உடையவில்லை, ஒரு மூட்டைகூட நனையவில்லை என்று வருகிற சீட்டைத் துறைமுகத்தில் நாங்கள் நம்ப மாட்டோம். நீ உண்மையில் அங்கே எப்படி இருக்கிறாய்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

போன தை மாதம் நடந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமை நீ தலைமுடியைப் பின்னாமல் வந்தாய். அம்மா விடவில்லை.

"என்னடி, முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு? பேய் புடிச்சவ மாதிரி!"

"இங்க இதான் ஸ்டைலும்மா."

"தூக்குல சோறு கொண்டு போறியா? இல்ல அதுவும் ஸ்டைலு இல்லையா?"

"கொண்டு போறேன். மூடி மட்டும் தொலைஞ்சிடுச்சு. தட்டு வச்சு மூடிக்கிறேன்."

"தூக்கு மூடி எப்படித் தொலையும்? அது என்ன பேனா மூடியா?"

நீ சிரித்துவிட்டு, தம்பியின் பரீட்சை பற்றிக் கேட்டாய். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

அந்தத் தூக்கு பபேடான் பாத்திரக் கடையில் நீ போகுமுன் வாங்கியது. மூன்று அடுக்கு, எவர்சில்வர். கோயிலில் அன்னதானம் நடக்கும்போது பாத்திரங்கள் கலந்து போகும் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பாத்திரத்தில் ஒரு குறி போடுவார்கள் அல்லவா? சிலர் பெயர் வெட்டுவார்கள், சிலர் நகப்பாலீஷ் வைப்பார்கள். நம் வீட்டுக் குறி பச்சை. துறைமுகத்தில் பெட்டிகளுக்கு அடிக்கிற பெயிண்டை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து, எல்லா மூடியின் நடுவிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தேன். "ஜப்பான்ல என் தூக்க யாருப்பா மாத்திக்கப் போறா?" என்று நீ கேட்டாய். இருக்கட்டும் என்றேன்.

இனி ஆபீஸ் பற்றி. எட்டுக் கம்ப்யூட்டர். கரண்ட் போனால் நடைபாதையில் ஜெனரேட்டர் கத்தும். கீழே தெருவில் சமோசா பொரிகிற வாசம் ஜன்னல் வழியாக ஏறி வரும். எங்களுக்கு மேலதிகாரி ஒரு பர்மாக்காரப் பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நாங்கள் அவளை சயாமா என்போம், அவள் எங்களை ஊலே என்பாள். ஆசிரியைக்கும் மாமாவுக்கும் உள்ள மரியாதை இரண்டு பக்கமும் நடந்தது.

வேலை இதுதான். அந்த நாட்டு ரோடுகளில் கம்பத்தில் கேமரா கட்டியிருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும். போன குளிர்காலம் முழுக்க எடுத்த படங்கள் எங்களிடம் வந்தன. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அந்த மணி நேரத்து வானிலைத் தாள் இருக்கும். எத்தனை டிகிரி, பனி பெய்ததா, மழையா, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் அதில் இருக்கும். இரண்டையும் பார்த்து ரோட்டோரம் காய்ந்திருக்கிறதா, ஈரமா, சேறு மாதிரி இளகிய பனியா, இறுகிய பனியா, ஐஸா, எவ்வளவு உயரம் என்று நாங்கள் எழுத வேண்டும். போன குளிர்காலத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டால், அடுத்த குளிர்காலத்தில் பனி தள்ளுகிற வண்டியை எந்த ரோட்டுக்கு எத்தனை மணிக்கு அனுப்பலாம் என்று அங்கே உள்ளவர்கள் முடிவு செய்வார்களாம்.

"ரெண்டே சட்டம்," என்றாள் சயாமா. "படத்தப் போன்ல எடுக்கக் கூடாது. படத்துல ஆள் வந்தா பாக்கக் கூடாது. ரோட்ட மட்டும் பாருங்க, ஊலே."

முதல் வாரம் ஒரே கூத்து. ரோட்டோரம் முழுக்க சிவப்பு வெள்ளை அம்புக்குறி மேலேயிருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. கூட்டாளி எண்ணி எண்ணி மாய்ந்து போனார்.

"எத்தன பஸ் ஸ்டாப்பு மச்சான் இந்த ஊர்ல! நம்ம தாகேதாவுக்கு ரெண்டு குடுத்தா என்னவாம்?"

சயாமா விழுந்து விழுந்து சிரித்தாள். பனி எல்லாவற்றையும் மூடிவிட்ட பிறகு, ரோடு எங்கே முடிகிறது என்று வண்டி ஓட்டுகிறவனுக்குக் காட்டுவதற்குத்தான் அந்த அம்பு.

உயரம் பார்ப்பது மட்டும் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. ரோட்டோரம் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்த கம்பம் நட்டிருக்கும், எத்தனை பட்டை மறைந்ததோ அத்தனை பனி. நம் சந்தில் மழைத் தண்ணீர் ஏறும்போது மின்கம்பத்தில் இருக்கிற சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துத்தானே சின்னவனைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பேசுவோம். வெள்ளையாக இருந்தாலும் அதுவும் தண்ணீர்தான்.

கேமராவுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். மூன்றாவது வாரம் எனக்குப் பதினேழாம் நம்பர் வந்தது. ஒரு பஸ் நிழற்குடை, பச்சைக் கூரை. அதன் முன்னால் பட்டை போட்ட கம்பம். தூரத்தில் ஒரு புகைபோக்கி, அதன் கழுத்தில் இரண்டு சிவப்பு வளையம். இந்தப் புகைபோக்கியை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் உன் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நீ போன முதல் குளிர்காலத்தில் அனுப்பிய படம் கிடைத்தது. தலையில் கம்பளித் தொப்பி, இரண்டு விரல் காட்டிச் சிரிக்கிறாய். உன் தோளுக்குப் பின்னால் பச்சைக் கூரை. அதற்கும் பின்னால் புகைபோக்கி, இரண்டு சிவப்பு வளையம்.

மேலே வந்து திரையைப் பார்த்தேன். நீ நின்ற இடத்தில் பனி மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பதினேழை நான் யாருக்கும் விடவில்லை. கூட்டாளிக்கு அது போனால் அவரிடம் இருந்து மாற்றிக்கொள்வேன். "ஒரு தட்டு மொஹிங்கா ஆகும் மச்சான்," என்பார். வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அப்புறம் மொஹிங்கா கேட்கவில்லை, அவரே பதினேழு வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார்.

ஆளைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். நான் ஆளைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்க முடியவும் இல்லை. ஆறே முக்காலுக்கு பஸ் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். ஆறு நாற்பது படத்தில் நிழற்குடை காலியாக இருக்கும். ஆறு ஐம்பது படத்திலும் காலியாக இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நீ வந்து, நின்று, பஸ் ஏறிப் போய்விடுகிறாய். ஒரே ஒரு நாள் பஸ்ஸின் பின்பக்க விளக்கு மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது.

ஆனால் ஆறு ஐம்பது படத்தில் தடம் இருக்கும். இடது பக்கத்திலிருந்து ஒற்றை வரிசையாகச் சின்னச் சின்னக் காலடிகள். கம்பத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரே இடத்தில் மிதித்து மிதித்துக் குழி ஆகியிருக்கும், குளிருக்குக் கால் உதறியிருப்பாய். ரோட்டோரப் பனியில் தடம் இருக்கிறது என்பது ரோடு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, அதைப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டேன். அது உன் கால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு சாட்சி மட்டும் உண்டு. உனக்குப் புதன்கிழமை லீவு. புதன்கிழமைப் படத்தில் பனி வெள்ளையாக, யாரும் மிதிக்காமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வேன். படம் காட்ட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கு நாலு பட்டை உயரம். அவ இடுப்பு வரைக்கும் வரும்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கு இல்ல. போன மார்கழியில."

"அப்ப இன்னைக்கு எப்படி இருக்காளாம்?"

வெளியே நம் ஊர் மழை தகரக் கூரையில் கொட்டும். நான் ஆறு மாதத்துக்கு முந்திய காலடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

இப்படிப் போகும்போது ஒரு நாள் சயாமா ஒரு கட்டுத் தாளோடு என் மேசைக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"ஊலே, இந்த எழுபது படமும் ஈரம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. ரோடு மின்னுது பாருங்க. தண்ணி."

"தாளைப் பாத்தீங்களா? மைனஸ் ஆறு. மைனஸ் ஆறுல தண்ணி எப்படி ஊலே தண்ணியா இருக்கும்?"

பிறந்ததிலிருந்து நான் பார்த்த ரோடு மின்னினால் அது மழை பெய்த ரோடு. வேறு எதுவாகவும் இருக்க முடியும் என்று என் புத்திக்குத் தோன்றவே இல்லை. சீட்டும் கண்ணும் ஒத்துவராதபோது பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கத் தெரிந்தவன், இங்கே கண்ணை மட்டும் நம்பி எழுதியிருந்தேன். அறையில் இருந்த யாங்கோன்காரர்கள் அத்தனை பேரும் அதே தப்பைத்தான் செய்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் எனக்கு ஆறுதல் இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கார் போற படத்தைப் பாருங்க. தண்ணியா இருந்தா டயருக்குப் பின்னால தெறிக்கும். இங்க தெறிக்குதா? இல்ல. இது ஐஸ். கருப்பு ரோட்டு மேல கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கு. பனியவிட இதான் ஆபத்து. பனியில கால் பதியும், இதுல பதியாது, வழுக்கும். எழுபதையும் திரும்பப் பாருங்க."

கால் பதியாது என்று அவள் சொன்னது என் காதில் நின்றுகொண்டது.

எழுபதில் பதினொன்று பதினேழாம் கேமராவுடையவை. எல்லாம் தை மாதத்து ஒரே காலைப் பொழுது. முதல் நாள் மதியம் வெயில் அடித்து பனி உருகியிருக்கிறது, நிழற்குடைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி ரோட்டோரம் ஓடியிருக்கிறது, இரவு மைனஸ் ஆறுக்கு இறங்கியிருக்கிறது. தாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. ஆறு நாற்பது படம். தெருவிளக்கு வெளிச்சத்தில் ரோடு கருப்பாக, அழகாக மின்னுகிறது. ஆறு ஐம்பது. தடம் இல்லை. முதல் தடவை பார்த்தபோது தடம் இல்லை என்பதால்தான் இதை அவசரமாகத் தாண்டியிருந்தேன்.

இந்தத் தடவை படத்தைப் பெரிதாக்கினேன். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கிக் குவித்த பனியில் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது, யாரோ கை ஊன்றியது போல. கம்பத்தின் அடியில் வட்டமாக ஒன்று கிடந்தது. தகரம் போல வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. இன்னும் பெரிதாக்கினேன். வட்டத்தின் நடுவில் பச்சை.

கட்டைவிரல் அகலம்.

கூட்டாளி வந்து தோளைத் தொட்டார். "என்ன மச்சான், மூஞ்சி வெளிறிப் போச்சு?" திரையைக் காட்டினேன். அவரும் அலோன் துறைமுகத்து ஆள், அந்தப் பச்சையைத் தெரியாமல் இருக்குமா? சத்தம் இல்லாமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மூடி தொலைந்தது. முடி பின்னாமல் விரிந்து கிடந்தது. ஒரு கையால் பின்ன முடியாதே! போனை எதிலோ சாய்த்து வைத்து முகம் மட்டும் காட்டிக்கொண்டு மூன்று நாலு வாரம் நீ எங்களோடு சிரித்துப் பேசியிருக்கிறாய். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இன்னொன்றும் நின்றது. மற்ற மூன்று அடுக்கும் அங்கே இல்லை. அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அடிபட்ட கையோடு, நீ பஸ் ஏறி வேலைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

அந்தப் படத்தை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்து, ஈரம் என்று எழுதி, அடுத்ததுக்குப் போயிருக்கிறேன். என் பிள்ளை விழுந்த இடம் அது.

அன்று மாலை எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "முடி," என்று மட்டும் சொன்னாள். "நான் பேய்னு சொன்னேன்." அப்புறம் எழுந்து, மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் முகம் வந்தது. இரட்டைச் சடை, கன்னத்தில் தனகாப் பூச்சு. எப்போதும்போல "நல்லா இருக்கேன்பா" என்றாய். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ரோட்டைப் பற்றித்தான் பேச வந்தது.

"அந்த பஸ் ஸ்டாப்புல, பட்டை போட்ட கம்பத்துக்கிட்ட, ரோடு கொஞ்சம் சாஞ்சிருக்கும்மா. கூரைத் தண்ணி அங்க வந்துதான் நிக்கும். வெயில் அடிச்ச மறுநாள் காலையில அந்தப் பக்கமா நடக்காதே. கருப்பா மின்னுனா அது தண்ணி இல்ல."

திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"யாருப்பா சொன்னா?"

"உன் மூடி சொல்லுச்சு. பச்சை வட்டம் போட்டது."

நீ சிரிக்கப் பார்த்தாய். அது பாதியிலேயே வேறாகிவிட்டது. அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எந்தக் கை? காட்டு!"

நீ வலது கையைத் தூக்கிக் காட்டினாய். மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்றாய், நாலு வாரம் கட்டு என்றாய். விழுந்ததும் வலி தெரியவில்லை, வேலைக்குப் போய் ஒரு அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தபோதுதான் தெரிந்தது, அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள் என்றாய். கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டதைச் சொன்னாய். பக்கத்து அறை வியட்நாம்காரப் பெண் தலை குளிப்பாட்டிவிட்டதைச் சொன்னாய். அவளுக்குப் பின்னத் தெரியாதாம். இரண்டு வருஷத்தில் நீ எங்களிடம் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வந்துடுன்னு சொல்வீங்க."

"சொன்னா என்ன?"

"நீங்க சொன்னா வந்துடுவேன்பா. அதான் சொல்லல."

வந்துவிடு என்ற வார்த்தை என் வாயில் இருந்தது. விமான நிலையத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது. உன் தம்பி கதவோரம் நின்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் படிப்புக்காக நீ போனாய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வார்த்தையை விழுங்கினேன்.

"வான்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்லா இருக்கேன்னு இனிமே சொல்லாதே. உள்ளதச் சொல்லு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

"சரிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பேச்சு முடிகிற நேரத்தில் மூடி கிடைக்குமா என்று நீயே கேட்டாய். விளையாட்டாகத்தான் கேட்டாய். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மறுநாள் ஆபீஸில் என் பங்கு வேலையை முடித்துவிட்டு, சயாமாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சட்டத்தை மீறவில்லை, ஆனால் அதன் ஓரத்தில் நின்றிருக்கிறேன் என்றேன். அவள் தம்பியும் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான்.

"எழுபதும் திருத்தியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப பதினேழை முழுசா ஒரு தடவை சரி பாருங்க, ஊலே. தப்பு இருக்கக் கூடாது இல்ல?"

சரி பார்த்தேன். அன்று காலை பதினோரு மணிக்கு மறுபடியும் பனி தொடங்கியதாகத் தாள் சொன்னது. பதினொன்று நாற்பதில் பச்சை மட்டும் தெரிந்தது. பன்னிரண்டுக்கு அதுவும் இல்லை. ஒன்று இருபதுக்கு வண்டி வந்து போயிருக்கிறது, பனி முழுதும் நிழற்குடைக்கு இடது பக்கம் தள்ளிக் குவிந்திருக்கிறது. அந்தக் குவியல் மாசி முழுக்க வளர்ந்தது, பங்குனியில் அழுக்காகிச் சுருங்கியது, கடைசிக் கையளவு பனி சாக்கடை வாயில் கிடந்து கரைந்தது. குவியலோடு போனது எதுவும் அங்கேதான் தங்கியிருக்க வேண்டும். அதை உனக்கு எழுதி அனுப்பினேன். கம்பத்துக்கு இடது பக்கம், நாலு எட்டு வைத்தால் சாக்கடை வாய், புல்லுக்குள்.

முதல் நாள் தேடினாய், இல்லை என்றாய். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள், நான் பாலம் தாண்டி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது படம் வந்தது. முழங்கால் உயரப் புல். அதன் நடுவில் உன் வலது கை, கையில் மூடி. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. பச்சை அப்படியே இருக்கிறது, துறைமுகத்துப் பெயிண்ட் அல்லவா? பஸ் கூட்டத்தில் எனக்கு உட்கார இடம் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் படத்தைப் பெரிதாக்கினேன். மூடியைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கிறது. முன்பு அது கிடையாது.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மூடி கெடச்சிடுச்சு," என்றாள். அப்புறம் அவளும் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் நீ உள்ளதைத்தான் சொல்கிறாய். இல்லத்தில் ஒரு தாத்தா உன்னைத் திட்டியதைச் சொன்னாய். ஒரு நாள் வேலைக்குப் போகப் பிடிக்காமல் படுத்தே கிடந்ததைச் சொன்னாய். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று மாலை வந்த செய்தி இரண்டே வரி.

"கை குடையுதுப்பா. நாளைக்கு மழை வரும்போல."

போனில் உன் ஊர் வானிலையைத் திறந்து பார்த்தேன். மறுநாள் காலையிலிருந்து மதியம்வரை மழை என்று போட்டிருந்தது. நீ சரியாகத்தான் சொல்லியிருந்தாய்.